ஒரே விளக்கில் இரண்டு அப்பாக்கள்

ஆகஸ்ட் வந்தால் பக்கத்து வீட்டு மொரிதா-சான் ஒரு வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிக் கால் செருகி வாசலில் நிறுத்திவிடுவார். ஜப்பானுக்கு வந்த முதல் வருடம், பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போனது என்று நினைத்து, குச்சிகளைப் பிடுங்கிவிட்டு அதை அவருடைய காய்கறிக் கூடையில் வைத்தேன். ஓபோன் பண்டிகைக்கு, இறந்துபோன அவருடைய அப்பா வீடு வந்து சேர்வதற்கான குதிரை அது என்று பிறகுதான் தெரிந்தது. பாவம், அந்த வருடம் மனிதர் நடந்துதான் வந்திருப்பார்.

பண்டிகையின் கடைசி நாளில் ஆற்றில் காகித விளக்கு விடுவார்கள். “உங்கள் வீட்டில் போரில் இறந்தவர் உண்டா? பெயரை எழுதலாம்” என்று இந்த வருடம் என்னையும் கேட்டார் மொரிதா-சான். தாத்தா ஒருவர் உண்டு, ஆனால் அவர் இறந்ததாக எங்கள் வீட்டில் சொல்வதில்லை என்றேன். “அப்படியானால் நூறு தாண்டியிருக்குமே, வாழ்த்துகள்” என்று குனிந்து வணங்கினார். நூறு வயதுக்காரர்கள் சர்வசாதாரணமாக நடமாடும் நாடு இது.

தாத்தா கோவிந்தசாமி, அம்மாவின் அப்பா, கடலூர் முதுநகர்க்காரர். அம்மா பாட்டியின் வயிற்றில் இருக்கும்போது மலாயாவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறினார். ஜப்பான் ராணுவம் அவரைச் சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போடக் கொண்டுபோனது என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னதோடு சரி. தேதி தெரியாததால் திதியும் கிடையாது. அம்மாவின் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அச்சடித்துவிட்டார்கள். மணப்பெண்ணே உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தாள்.

இதையெல்லாம் சொன்னதும் மொரிதா-சான் முகம் மாறியது. அவருடைய அப்பா அதே பாதையில் ராணுவப் பொறியாளராம். திரும்பி வந்தபின் சாகும்வரை ரயிலில் ஏறவே இல்லையாம். எனக்குக் கோபம் வந்தது. பாதை போட வைத்தவரும் போடப் போய்த் தொலைந்தவரும் ஒரே ஆற்றிலா? ஊர்க் கோயில் பிக்கு, ‘ஒன்ஷின் ப்யோதோ’ என்றார். பகைவருக்கும் வேண்டியவருக்கும் ஒரே பிரார்த்தனை. நடந்ததை மறப்பதல்ல, மறக்காமலே கும்பிடுவது. நல்ல பேச்சுதான். ஆனால் சம்மதிக்க நான் யார்? சிதம்பரத்தில் அக்கா வீட்டிலிருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவுங்க அப்பா திரும்பி வந்துட்டாரா?” என்றாள் அம்மா.

“வந்துட்டாரும்மா.”

“எங்கப்பாவ எங்கயாவது பாத்துருப்பாரா?”

“தெரியாதும்மா. எத்தனையோ ஆயிரம் பேரு.”

“பாத்தாலும் பாத்துருப்பாரு. நான்தான் பாத்ததே இல்ல. தனியா வுடாதடா, அவுங்க அப்பா பேரோடயே சேத்து எழுது. காலஞ்சென்றன்னு மட்டும் போடாத.”

விளக்கின் ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்தில் மொரிதா-சானின் அப்பா. மறுபக்கம் தமிழில், முன்னொட்டு எதுவுமில்லாமல், கோவிந்தசாமி. இங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. சிதம்பரத்தில் மூன்றரை மணி வெயில். வீடியோவில் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, நானும் மொரிதா-சானும் சேர்ந்து விளக்கைத் தண்ணீரில் விட்டோம். அது மெல்லச் சுற்றிக்கொண்டே போனது.

“எங்கப்பா பேரு தெரியுதாடா?”

“இப்ப அவுங்க அப்பா பேருதாம்மா தெரியுது.”

“கொஞ்சம் இரு,” என்றாள் அம்மா. “சுத்தி வரும்.”