வாட்ச்மேன் வேலையும் 2.6 சென்டிமீட்டரும்

முனிரத்தினத்தைக் குள்ளனாக்கியது நீங்கள்தான், ஆள் எடுக்கும் அதிகாரி அவர்களே.

முனிரத்தினம் மர்பி டவுனில் எனக்கு எதிர்வீடு. ஓசூர் ரோடு பக்கம் இருக்கும் உங்கள் தொழிற்சாலைக்கு வாட்ச்மேன் வேலை கேட்டு வந்தான். உயரம் 165 சென்டிமீட்டர் வேண்டும் என்றது நோட்டீஸ். போன புதன்கிழமை அளந்தீர்கள். 162½ என்று எழுதித் திருப்பி அனுப்பினீர்கள்.

அவன் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நேத்து வரைக்கும் நிலைல தலைய இடிச்சிக்கினு இருந்தவன்தானே? ஆபீசுக்குப் போயி தேஞ்சிட்டு வந்தியா?"

அவன் சிரிக்கவில்லை. ஆடியோடு அவனுக்கு இருபத்தைந்து முடிகிறது. அப்புறம் உங்கள் விதிப்படி விண்ணப்பமே போட முடியாது.

மறுநாள் நானும் கூட வந்தேன். உயரம் பார்க்கும் மரத்தைப் பார்த்தேன். சுவரில் ஆணி அடித்து நிறுத்திய பழைய மரம். அதில் அடியும் அங்குலமும்தான் இருக்கிறது. அப்படியானால் சென்டிமீட்டர் எங்கே? குமாஸ்தாவின் பென்சிலில்! அங்குலத்தை இரண்டரையால் பெருக்கி எழுதிக்கொள்கிறார். முனிரத்தினம் 65 அங்குலம்... ஆகவே 162½.

ஓர் அங்குலம் இரண்டரை இல்லையே, 2.54 ஆச்சே என்று கேட்டேன்.

"புள்ளிக்கு அப்புறம் ரெண்டாவது நம்பரா? அதெல்லாம் யாரு பாக்கறாங்க ஸ்வாமி," என்றார்.

யார் பார்ப்பதா? அந்த நாலை அறுபத்தைந்து தடவை விழுங்கினால் 2.6 சென்டிமீட்டர் போகிறது. வாசகர்களே பெருக்கிப் பார்க்கட்டும் — 165.1 வரும். முனிரத்தினம் தேறிவிட்டான்!

நான் விடவில்லை. எதிர்க்கடையில் ஒரு ஸ்கேல் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். பன்னிரண்டு அங்குலம் முடியும் இடத்தில் கிட்டத்தட்ட முப்பதரை நிற்கிறது. குமாஸ்தா கணக்கில் முப்பதுதான். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஸ்கேல் தப்பு என்றார்.

உங்கள் அறைக்கு வந்தோம். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லிஸ்டில் கையெழுத்தாகிவிட்டது, அடுத்த வருஷம் வரட்டும் என்றீர்கள். அப்போது வயது தாண்டிவிடும் என்றேன். 

"இன்னொரு தபா அளந்து பாருங்க சார். டேப் நானே கொண்டாறேன்," என்றான் முனிரத்தினம்.

அளக்கவில்லை.

மீட்டர் வந்துவிட்டது, மீட்டர் வந்துவிட்டது என்கிறோம். எங்கே வந்தது? நோட்டீசில் வந்தது, விண்ணப்பப் பாரத்தில் வந்தது. அளக்கிற மரத்துக்கு மட்டும் வரவில்லை. சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தையா? என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்! அதைச் சரியாக எண்ணத் தெரியாதவர்கள், அதைக் காட்டி ஒருவனை வெளியே தள்ளலாமா?

அன்று வரிசையில் இன்னும் எத்தனை அறுபத்தைந்து அங்குலக்காரர்கள் நின்றார்களோ, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

லிஸ்டில் இருப்பவர்கள் ஒன்றாம் தேதி வேலைக்குச் சேருகிறார்கள். அதற்குள், இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்: முனிரத்தினத்தை மீட்டர் டேப்பால் அளப்பீர்களா, மாட்டீர்களா?