பாயில் நான் வெட்டிய பிசிறு

மூன்று வருஷம் இருக்கும். சித்திரை மாதம். ஆர்டர் குறைந்துபோய் கம்பெனியில் ஒரு வாரம் லீவு விட்டிருந்தார்கள். வேலம்பாளையத்தில் எனக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் தோழி, ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில் இருக்கும் தன் சொந்த ஊருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அவளும் நானும் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே டேபிளில் பிசிறு வெட்டுகிறவர்கள். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூல் நுனிகளை ஒட்ட வெட்டிவிட வேண்டும். அரை விரல் நூல் நின்றாலும் பீஸ் திரும்பி வந்துவிடும். எனக்கு அறுபத்து மூன்று வயது. நாலாவது வரைக்கும்தான் படிப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சம். சூப்பர்வைசர் என்னிடம் ஏதாவது கேட்டால்கூட தோழிதான் எனக்காகப் பதில் சொல்லுவாள்.

அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. போன மறுநாளே தோழியின் அண்ணன், "ஆத்தாவுக்குக் கடலை மட்டும் காட்டுனாப் போதுமா? பழைய பட்டணத்தையும் காட்டிட்டு வருவோம்" என்றார். அந்தக் காலத்தில் கப்பல்கள் வந்துபோன ஊர் ஒன்று அழிந்து, மணலுக்குள் கிடக்கிறதாம். அங்கே போக ரோடு இல்லை. தண்ணீர் ஆழமும் குறைவு, எஞ்சின் படகு தரை தட்டும் என்று தன் பாய்மர வள்ளத்தை எடுத்தார். அவர், அவருடைய மனைவியின் தம்பி, தோழி, நான் என்று நாலு பேர். அந்தத் தம்பிக்கு அவர் வள்ளத்தில்தான் பிழைப்பு.

வள்ளம் ஆடிய ஆட்டத்தில் நான் உட்கார்ந்திருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தம்பி என்னைப் பார்த்து, "ஆத்தா, கொஞ்சம் மெதுவாப் புடிங்க. பலகைக்கு வலிக்கப் போவுது" என்றார். பாயில் காற்று ஏறியதும் வள்ளம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பயம் போய், நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது.

அந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் நின்றுகொண்டிருக்கவில்லை. முழங்கை நீளச் செங்கல் வைத்துக் கட்டிய சுவர், இடுப்பு உயரத்துக்கு. சுட்ட மண் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு ஒன்று, மணலில் பாதி வெளியே தெரிந்தது. எங்கே பார்த்தாலும் பானை ஓடு. பனியனை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தில் ஒரு ஓட்டுத் துண்டையும் திருப்பிப் பார்த்தேன். உள்ளே, பானை செய்தவரின் விரல் தடம் வரி வரியாக இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. இருந்த இடத்திலேயே அந்தத் துண்டை வைத்துவிட்டேன்.

வெயில் தாங்கவில்லை. அவர்கள் மூவரும் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள், நான் மட்டும் திரும்பி வந்து வள்ளத்தில் உட்கார்ந்தேன். பாயை இறக்கிக் கிடத்தியிருந்தார்கள். ஒரு நீள மூங்கிலோடு பாயின் ஓரத்தைச் சாணுக்கு ஒரு முடிச்சாக, மெல்லிய நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நுனி, விரல் நீளத்துக்குப் பிரிந்து தொங்கியது. எனக்குக் கை பொறுக்கவில்லை. நூல் வெட்டுகிற டிரிம்மர் எப்போதும் என் சுருக்குப் பையில் இருக்கும். எடுத்தேன். ஒரு முடிச்சு, அடுத்த முடிச்சு என்று ஏழு முடிச்சுக்கு நுனியே தெரியாமல் ஒட்ட வெட்டினேன். அவர்கள் வருவது தெரிந்ததும் டிரிம்மரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சும்மா உட்காராமல் உதவியாக ஒரு வேலை செய்தோம் என்று எனக்குச் சந்தோஷம்.

திரும்பும்போது கரையிலிருந்து கடல் பக்கமாகக் காற்று பலமாக அடித்தது. பாதி வழியில் தலைக்கு மேலே 'படக்' என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று. பாயின் ஓரம் மூங்கிலை விட்டுப் பிரிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. தோழி என் தோளைக் கட்டிக்கொண்டாள். தம்பி பாய்ந்து பாயை இறக்கினார்.

அண்ணன் துடுப்பை விடாமல் கத்தினார். "நீதானடா கட்டுன? ஊத்திக்கிட்டுக் கட்டுனியா?"

"மாதா சத்தியமா இல்ல மச்சான். ரெட்டை முடிச்சுப் போட்டு இழுத்துத்தான் கட்டுனேன்."

"இழுத்த லட்சணம்தான் தெரியுதே! பொம்பளைகளை ஏத்திக்கிட்டு வந்திருக்கோம். இனிமே என் வள்ளத்துல கால வைக்காத!"

தம்பி தலையைக் குனிந்து, அவிழ்ந்த இரண்டையும் திரும்பக் கட்டினார். வள்ளம் கடல் பக்கம் இழுபட்டுக்கொண்டே இருந்தது. "போதும், சீக்கிரம் பாயை ஏத்து" என்று அண்ணன் அவசரப்படுத்தினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவிழ்ந்த இரண்டும் நான் வெட்டியவை. நுனி நீளமாக இருந்தால்தான் முடிச்சு நழுவாமல் நிற்கும் போலிருக்கிறது. இன்னும் ஐந்து இருக்கின்றன. பாய் ஏறினால் அவையும் அவிழும். சொல்ல வேண்டும். விருந்துக்கு வந்த வீட்டில் இப்படியா என்று தோழி நினைப்பாளே, அவள் அண்ணன் என்ன சொல்வாரோ என்று வாய் வரவில்லை. தம்பி பாயை ஏற்றக் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"ஏத்தாதீங்க சாமி!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "நான்தானுங்க வெட்டிப்போட்டேன். அந்தத் தம்பி மேல தப்பு இல்லீங்க. இன்னும் அஞ்சு இருக்குதுங்க!"

"அக்கா, என்ன சொல்றீங்க?" என்றாள் தோழி. டிரிம்மரை எடுத்துக் காட்டினேன். "பிசிறுன்னு நெனச்சு ஒட்ட வெட்டிட்டனுங்க."

அண்ணன் என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எதெதுன்னு காட்டுங்காத்தா" என்று மட்டும் சொன்னார். மூங்கில் ஓரமாக முட்டி போட்டு நகர்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். மூன்றாவதை நான் தொட்டபோதே அது என் விரலில் அவிழ்ந்து வந்தது. அதைப் பார்த்த அண்ணன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். வலைக் கயிற்றை எடுத்து தம்பி ஏழையும் புதிதாகக் கட்டினார். நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். அவர் கட்டி முடிப்பதற்குள் கரை ஒரு கோடு போல ஆகிவிட்டது.

பாய் ஏறியது. காற்றைப் பிடித்தது. எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு முடிச்சும் அசையவில்லை. வள்ளம் கரைப் பக்கம் திரும்பியது.

கொஞ்ச நேரம் கழித்து தம்பி, "இப்ப சொல்லுங்க மச்சான், ஊத்திக்கிட்டது யாரு?" என்றார்.

"நான்தான்டா, விடு. இன்னைக்கு மீன் தலை உனக்கு."

"தலை மட்டும் போதாது. எங்க அக்காகிட்டச் சொல்லி வறுத்த துண்டும் ரெண்டு வைக்கச் சொல்லுங்க."

தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க சூப்பர்வைசர் பார்த்திருந்தா அக்காவுக்கு மெடல் குடுத்திருப்பாரு. ஒரு பிசிறு மிச்சம் வைக்கலையே!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"மன்னிச்சுக்க கண்ணு" என்று தம்பியிடம் சொன்னேன். "அதான் சொல்லிட்டியள்ள ஆத்தா. சொல்லாம இருந்தா நாளைக்கு எந்த வள்ளத்துல நான் ஏறுவேன்?" என்றார் அவர்.

கரையில் இறங்கியதும் நிற்க முடியாமல் ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் தரை அவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

பேசாமல் இருப்பது யாருக்கும் கெடுதல் செய்யாத குணம் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்று இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் நாலு பேர் உயிருக்கும் என்ன ஆகியிருக்குமோ. தப்பித்து வந்திருந்தாலும், ஒரு தப்பும் செய்யாதவர் தலையில் என் பழி ஏறி, அவர் பிழைப்பும் போயிருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் நல்லவேளை வாயைத் திறந்தேன் என்று ஒரு நீள மூச்சு வருகிறது.