கல்லுச்சாமி முன்னால் கழற்றிய ஷூ

இமயமலைக்கு நடைப்பயணம் போகட்டுமா என்று மகள் கேட்டபோது நான் முடியாது என்று சொல்லவில்லை. "மொதல்ல அந்த டெண்ட்ல படுக்கறதுன்னா என்னன்னு நானே பாக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றேன். பார்த்துவிட்டு முடியாது என்று சொல்வதுதான் திட்டம். ஒரே பெண். பத்து நாள், போனில் சிக்னல் எடுக்காத பனிமலை, முன்பின் தெரியாத ஆட்கள். எந்த அப்பன் சட்டென்று சரி என்பான்?

அவள் விடுகிற ரகமா? தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள், கூட வேலை செய்யும் பெண்ணிடம் டெண்டை வாங்கி வந்துவிட்டாள். சனி, ஞாயிறு. ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு மொட்டை மலை. மாதமோ ஆடி.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னுவாங்க. அப்பனும் பொண்ணும் துணி வூடு கட்டிக்கினு படுக்கப் போறாங்களாம். நல்லாகீது கூத்து!" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

எனக்கு எதைப் பார்த்தாலும் நோண்டிப் பார்க்கிற புத்தி. டெண்டின் குச்சிகளுக்குள் ரப்பர் கயிறு ஓடுகிறது. உதறினால் துண்டுகள் தாமாகவே ஒன்றில் ஒன்று போய் மாட்டிக்கொள்கின்றன. பஸ் ஸ்டாண்டிலேயே நான்கு முறை உதறிப் பார்த்தேன். "நைனா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள். பார்க்கட்டுமே.

பாதி மலையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகியிருந்தார்கள். ஷூவைக் கழற்றினோம். காற்றில் கற்பூரம் பற்றவே இல்லை. கும்பிட்டுவிட்டு, குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு மேலே ஏறினோம். அங்கிருந்து உச்சி வரை வழுவழுப்பான பாறை, வெயில் சூடு இன்னும் இறங்காமல் பாதத்துக்கு இதமாக இருந்தது.

உச்சியில் டெண்டை நிறுத்தினோம். பாறையில் முளை இறங்கவில்லை. பாரம் வைக்கக் கல் பொறுக்கப் போனபோதுதான் என் காலில் முள் ஏறியது. "ஐயோ!" என்று குனிந்து பார்த்தால் வெறுங்கால். அவளும் தன் காலைப் பார்த்தாள். இரண்டு பேரின் ஷூவும் கல்லுச்சாமியிடமே நின்றுவிட்டன!

வேறு ஊர்க்காரன் எவனும் இப்படிச் செய்யமாட்டான். கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் கோயில் படியேறிப் பழகிய கால் எங்களுடையது. சாமி கும்பிட்டுவிட்டு மலை ஏறுவதென்றால் வெறுங்கால்தான். இந்த மலை உச்சியில் கோயில் இல்லை என்று காலுக்கு யார் சொல்வது?

சிரித்துக்கொண்டே கிடைத்த கல்லை மூலைகளில் வைத்து, டெண்ட் பறக்காமலிருக்க நான் உள்ளே உட்கார்ந்ததும் விஷயம் உறைத்தது. ஷூ இல்லாமல் காலையில் இறங்க முடியாது, மலையடிவாரம் முழுக்க முள். கல்லுச்சாமியைச் சுற்றியும் முட்புதர், குரங்குகள் வேறு. பொழுது சாய ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"நான் போய் எடுத்தாறேன்" என்றேன்.

"நீ எழுந்தா டெண்ட் ஆந்திராவுக்குப் போயிடும். உன் வெயிட்டுக்குத்தான் நின்னுகினு கீது. அசையாம உக்காரு. நான் போறேன்."

போய்விட்டாள். பாறை விளிம்பில் தலை மறைந்தது. நான் டெண்டுக்குள் மூட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

காற்று ஒரே சீராக அடிப்பதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். நின்று மூச்சு இழுத்துக்கொண்டு, பிறகு மோதுகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் முன்னால் இடப்பக்கத்துப் புல் படுக்கும். அது ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தவன், கொஞ்ச நேரத்தில் புல்லை விட்டுவிட்டு அவள் போன விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன். காற்று குரலைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. சறுக்கியிருப்பாளோ? பாம்பு கீம்பு? தூரத்தில் எங்கள் தணிகை மலை தெரிந்தது. "முருகா, பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துடுப்பா" என்று கும்பிட்டேன். பயந்தேன், நன்றாகவே பயந்தேன். இமயமலைக்கு முடியவே முடியாது என்று பத்து முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

முதலில் குரல்தான் வந்தது. "நைனா! டெண்ட் கீதா, பறந்துச்சா?"

தன் ஷூவைப் போட்டிருந்தாள். என்னுடையது கழுத்தில் தொங்கியது. "உன் ஷூவை ஒரு கொரங்கு மடியில வெச்சிகினு உக்காந்திருந்துச்சு. கல்லை எடுத்து ஓங்கினேன், போட்டுட்டுப் போயிடுச்சு."

என் முகத்தைப் பார்த்தாள். "பயந்துட்டியா?"

"ஆங். ரொம்ப."

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. குனிந்து, அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினாள். "சரி நைனா. போகட்டுமா வேணாமா, சொல்லிடு."

அவள் கணுக்காலில் முள் கீறி ரத்தம் கோடாகக் காய்ந்திருந்தது. அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. வெறுங்காலோடு போய்க் குரங்கையே விரட்டிவிட்டு வந்தவளிடம், பத்து முறை ஒத்திகை பார்த்த அந்த 'முடியாது' எதற்கு?

"அந்தப் பனிமலையில வழியில கல்லுச்சாமி எதுனா இருந்தா கும்பிடு. கும்பிட்டுட்டு ஷூவைப் போட்டுக்கினு ஏறு" என்றேன்.

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் போட்ட கூச்சலில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னால் டெண்ட், வைத்திருந்த கல்லையெல்லாம் உதறிவிட்டுப் பாறை மேல் உருள ஆரம்பித்தது. துரத்திக்கொண்டு ஓடினோம், அவள் ஷூவோடு, நான் மறுபடியும் வெறுங்காலோடு.