பூரிக்கட்டை இல்லாத வீடு

தமிழ்நாட்டிலேயே, ஏன், ஆசியாக் கண்டத்திலேயே புருஷனை அதிகமாக அடித்த பெண் யார் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், எங்கள் மெஹராஜ் சாச்சிதான். பூரிக்கட்டையால் அடித்திருக்கிறாள், கரண்டியால் அடித்திருக்கிறாள். விளக்குமாற்றால் அடித்து, அது பிய்ந்துபோய், புதுசு வாங்கிவரச் சொல்லி அதே புருஷனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறாள். அவளுக்குப் பயந்து எத்தனையோ மன்னர்கள் அரண்மனையை விட்டுப் போர்க்களத்துக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். இத்தனைக்கும் எங்கள் சித்தப்பா, அதாவது சாச்சா அஹமது கபீர், அவள் கைக்கு எட்டாமல் கடல் தாண்டி சவூதியில், தம்மாமில் இருக்கிறார். எங்கள் வீட்டில் பூரிக்கட்டையும் கிடையாது. என்றைக்காவது பூரி போட்டால் சர்பத் பாட்டிலை உருட்டித்தான் தேய்ப்போம்.

அடித்ததெல்லாம் வார இதழ்களில். சாச்சி ஜோக் எழுதுகிறவள். தொடர்கதை முடியும் பக்கத்தின் மூலையில், மூட்டுவலித் தைல விளம்பரத்துக்குப் பக்கத்தில், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"என் மனைவி என்னை அடிக்கிறதுக்கு முன்னாடி கதவைச் சாத்திடுவா."

"பரவாயில்லையே, உங்க மானத்தைக் காப்பாத்துறாங்க!"

"அட நீங்க வேற, நான் ஓடிடக் கூடாதுன்னு சார்!"

இதற்குக் கீழே 'அடியக்கமங்கலம் மெஹராஜ் பேகம்' என்று இருக்கும். ஓவியர் படமும் போடுவார். சாச்சி எழுதிய பெண்களுக்கெல்லாம் அவர் நெற்றியில் பொட்டு வைத்துவிடுவார், ஆண்களுக்குத் தொந்தி வைத்துவிடுவார். "ஊர்ப் பேரை எடுத்துட்டா இன்னும் ரெண்டு ஜோக்குக்கு எடம் கெடைக்கும் சாச்சி" என்று நான் கிண்டல் செய்வேன். "வெறும் மெஹராஜ்னா எவளோ ஒருத்தின்னு போயிருவாங்கடி. ஊர் இருந்தாத்தான் ஆளு" என்பாள்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்பதாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் டவுன் பஸ் ஏறித் திருவாரூர் தையல் வகுப்புக்குப் போகிறேன். சாச்சியும் நாங்களும் ஒரே வீட்டின் இரண்டு பாதியில் இருக்கிறோம். அம்மாவும் நானும் இங்கே, அத்தா சிங்கப்பூரில். எங்கள் தெருவில் கதவைத் தட்டினால் ஆம்பளைக் குரல் கேட்கிற வீடு பள்ளிவாசல் பக்கம் ஒன்றோ இரண்டோதான்.

சாச்சா முதல் விசாவுக்குப் போனது சாச்சிக்கு அவளுடைய அத்தா கொடுத்த வயலை விற்று. அந்த வயலில் இப்போது யாரோ உளுந்து போடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் சாச்சா வருவார். முதல் மாதம் விருந்து. இரண்டாம் மாதம் பெட்டி கட்டுவது. நடுவில் சண்டை போட ஏது நேரம்? போடாத சண்டையை எல்லாம் சாச்சி ஜோக் எழுதி அனுப்பும் தபால் கார்டில் போட்டாள்.

ஒவ்வொரு டிசம்பர் கடைசி வாரமும் அவள் அந்த வருஷத்து ஜோக்குகளைக் கட்டிலில் பரப்பிப் பிரிப்பாள். எடிட்டர் கை வைத்துக் கெடுத்தது ஒரு குவியல். பெயரைத் தப்பாகப் போட்டது ஒரு குவியல். ஒருமுறை 'மகராஜன்' என்று போட்டு அவளை ஆம்பளையாகவே ஆக்கிவிட்டார்கள். மீதி அவள் ஒத்துக்கொள்கிற குவியல். தொண்ணூற்றாறு டிசம்பரில் மூன்று குவியலையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சாச்சி, அவார்டு எதுக்குக் குடுக்கலாம்னு யோசனையா?"

"இதுல ஒண்ணுகூட நான் பாத்தது இல்லடி. எந்த வீட்டுல பொம்பளை அடிக்கிறா? அடிக்க ஆம்பளை எங்க இருக்கான் நம்ம தெருவுல?"

"ராஜா ஜோக்கு?"

"எந்த ராஜாவைடி நான் பாத்தேன்?"

அன்றைக்குத்தான் சொன்னாள். வருகிற வருஷம் பூரிக்கட்டை கிடையாது. டாக்டர் கிடையாது, ராஜா கிடையாது. பார்த்ததைத்தான் எழுதுவது. வருஷம் முடிவதற்குள் ஒரு பக்கக் கதை ஒன்று. ஜோக்குக்குப் பெயர் கீழே, பொடி எழுத்தில். ஒரு பக்கக் கதைக்குப் பெயர் மேலே, பெரிய எழுத்தில். "எனக்கும் ஒரு பக்கம் வேணும்டி, முழுசா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

பார்த்ததை எழுதிய முதல் ஜோக் மார்ச்சில் வந்தது.

"என் வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார். கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல."

"அடேயப்பா! எப்படிங்க?"

"ஐ.எஸ்.டி. சார்ஜ் கட்டிக்கிட்டு யாருங்க சண்டை போடுவா?"

எங்கள் அம்மா அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஜோக்கு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். நான் சிரித்தேன். பொட்டு வைத்த அந்தப் படத்தைச் சாச்சி கத்தரிக்காமல் ஒரு வாரம் அலமாரி மேல் அப்படியே வைத்திருந்தாள்.

தம்மாமில் சாச்சா இருக்கிற கேம்புக்கு எங்கள் வார இதழ் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். அட்டை பிய்கிற வரைக்கும் கைமாறும். பூரிக்கட்டைக் காலத்தில் அங்கே சாச்சாவுக்கு ஏக மரியாதை. "கபீர் பாய், முதுகு எப்படி இருக்கு?" என்பார்களாம். அவரும் சிரித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுப்பாராம். அதெல்லாம் பொய் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த ஜோக்கை மட்டும் நம்பிவிட்டார்கள். பொண்டாட்டியோடு சண்டை போடக்கூடக் காசு பார்க்கிற கஞ்சன் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்கு போன் என்றால் சைத்தூன் பீவி வீட்டு போன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் மதில் மேல் எம்பி, "மெஹராஜ்! தம்மாம்!" என்று கத்தியது பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும். நானும் கூடப் போனேன். ரிசீவருக்குள் சாச்சா கத்துவது வாசல்வரை வந்தது. சாச்சியின் பேச்சு மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்ங்க... எந்த ஜோக்குங்க?... அது உங்கள இல்லங்க, பொதுவா... யாரு, உங்க ரூம் மீரா உசேனா? அவருக்கு வேற வேலை இல்லையா... நீங்களும் சிரிச்சிட்டுப் போக வேண்டியதுதானே... ஏங்க, எம்பேருதானேங்க, உங்க பேரு இல்லையே... சரி கத்தாதீங்க... காசு போவுதுங்க, வச்சிருங்க... ஏங்க..."

பிறகு அவள் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். சைத்தூன் பீவிக்குக் காது மந்தம். கடிகாரம் மட்டும் நன்றாகத் தெரியும்.

"எவ்வளவு நேரம் பேசுறான் பாரு! எம்மவன் ரெண்டு நிமிஷத்துல வச்சிருவான். உசுரையே வச்சிருக்கான்டி உம்மேல" என்றார்.

"ஆமா மாமி" என்றாள் சாச்சி.

எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஜோக்கு பொய்யாப் போச்சுடி" என்றாள். சாச்சா சொன்னதையும் சொன்னாள். இனிமேல் அவள் பெயர் எந்தப் புத்தகத்தில் வந்தாலும் அக்டோபர் லீவுக்கு அவர் ஊருக்கு வரமாட்டார்.

மீதியிருந்த தபால் கார்டுகளை என்னிடம் கொடுத்தாள். நான் சும்மா இருப்பேனா? ஒன்றில், தொலைபேசி இலாகாவிலிருந்து வருவதுபோல, 'தங்கள் குரல் தம்மாம் வரை நேரடியாகவே கேட்பதால் தங்களுக்கு இணைப்பு தேவையில்லை எனக் கருதுகிறோம்' என்று சைத்தூன் பீவிக்கு எழுதினேன். சாச்சியைச் சிரிக்கவைக்கலாம் என்று கொண்டுபோய்க் காட்டினேன். படித்தாள். "'நேரடியாகவே'வை எடுத்துரு. கடைசியில 'கருதுகிறோம்' வேணாம், 'துண்டிக்கிறோம்'னு போடு" என்றாள். அதன்படி திருத்தினால் இரண்டு மடங்கு சிரிப்பு வந்தது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. முறம் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் திருவாரூர்க் கடைக்காரரை நான் உண்டாக்கினேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. அங்கே ஒரு ஆளும் இருக்கிறார். அவ்வளவுதான் நிஜம். டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் கேட்பார், குனிந்தபடியே சில்லறை கொடுப்பார். இத்தனை வருஷத்தில் என் முகத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் சாச்சியிடம் வந்து, "உங்களைக் கேட்டாரு சாச்சி" என்றேன்.

"யாரு?"

"புஸ்தகக் கடைக்காரரு. 'அடியக்கமங்கலம் மெஹராஜ் பேகம் எங்க காணும், உடம்பு சரியில்லையா'ன்னாரு."

"என்னைய எப்படித் தெரியும் அவருக்கு?"

"பேரு தெரியுமே. புஸ்தகக் கட்டைப் பிரிச்சதும் மொதல்ல உங்க ஜோக்கைத்தான் தேடுவாராம்."

சாச்சி உலையில் அரிசியைப் போட்டாள். போட்டுவிட்டு, "வயசானவரா?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் தையல் வகுப்பிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "இன்னிக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்பாள். எனக்கென்ன, வாயில் வந்ததைச் சொன்னேன். மயிலாடுதுறையிலிருந்து வரும் ஒரு வாத்தியாரும் கேட்டார் என்றேன். இப்போதெல்லாம் ஜோக் பக்கத்தைச் சுருக்கிக் கலர் டி.வி. விளம்பரமாகப் போட்டுத் தள்ளுகிறார்களே என்று கடைக்காரர் வருத்தப்பட்டார் என்றேன். அந்த ஐ.எஸ்.டி. ஜோக்கைக் கடைப் பலகையில் ஒட்டிவைத்திருக்கிறார் என்றேன். அதைக் கேட்டபோது சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்டோபரில் சாச்சா வரவில்லை. கம்பெனியில் ஆள் குறைவு, லீவு அடுத்த வருஷம்தான் என்று போனில் சொன்னார். இரண்டே நிமிஷம். சைத்தூன் பீவிக்கே வருத்தம்.

"எழுதாம இருந்ததுக்கும் வரலியே" என்றாள் அம்மா. சாச்சி, "கம்பெனி என்ன பண்ணும் மச்சி" என்றாள்; அம்மாவை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மத்தியானம் சோறு ஆனதும் சாச்சி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தொடையில் பலகை, பலகையில் தாள், கையில் பேனா. நான் சத்தம் போடாமல் வந்துவிட்டேன். அன்றைக்கு நான் உண்டாக்கிய கடைக்காரர், சாச்சி கதை எழுதுவாளா என்று விசாரித்தார். "ஜோக்கே இப்படின்னா கதை எப்படி எழுதுவாங்க" என்று வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் கடைசி வாரம் வந்தது. சாச்சி வழக்கம்போல் கட்டிலில் உட்கார்ந்தாள். பிரிக்க ஒன்றும் இல்லை. பொட்டு வைத்த பெண் ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு நடுக்கட்டிலில் தனியாகக் கிடந்தாள்.

"இந்த வருஷம் இவ்வளவுதான்" என்றாள். நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பதற்குள், "ஆனா கதை வந்துருச்சுடி" என்றாள்.

"நெசமாவா!"

நாங்கள் வாங்காத ஒரு மாத இதழின் பெயரைச் சொன்னாள். கதை வருகிறது என்று அவர்கள் கார்டு போட்டிருந்தார்களாம். "நாளைக்கு வகுப்புக்குப் போறப்ப பாரு. இருந்தா வாங்கிட்டு வா. தீந்து போயிருந்தா பரவால்ல, அவரு படிச்சிருப்பாருல்ல? என்ன சொன்னாருன்னு மட்டும் கேட்டுட்டு வா."

"தலைப்பு என்ன சாச்சி?"

"அவரு சொல்லட்டும்."

மறுநாள் பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். இதழின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் குனிந்தபடியே, "அது தீந்து போச்சு" என்றார். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். வகுப்பில் அன்று பாவாடைக்கு இடுப்புப் பட்டியைத் தலைகீழாகத் தைத்தேன். மனசெல்லாம் அந்தக் கதையைச் சாச்சி எப்படி எழுதியிருப்பாள் என்பதில்தான். திரும்புகிற பஸ்ஸில் மீதியைச் சேர்த்துக்கொண்டேன்.

சாச்சி வாசலிலேயே நின்றாள்.

"என்னடி சொன்னாரு?"

"ஒரு புஸ்தகம் மிச்சமில்ல சாச்சி! உங்க கதை வந்திருக்குன்னு வாத்தியாரு மட்டும் ரெண்டு வாங்கிட்டாராம்."

"அவரு படிச்சாராமா?"

"படிச்சாராவா? கண்ணு கலங்கிட்டாரு மனுசன். கிரிக்கெட்டை நிறுத்திட்டுப் பேசுனாருன்னா பாத்துக்குங்களேன்."

"எந்த எடத்துல கலங்குனாராம்?"

"கடைசியிலதான். அவ போனை வைக்கிற எடத்துல."

"போனா?"

"ஆமா. அவரு அந்தப் பக்கம் பேசிக்கிட்டே இருப்பாரு, அவ வச்சிருவாளே."

சாச்சி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"நான் எழுதவே இல்லடி ரிஃப்கா."

"என்ன சாச்சி?"

"கதை எழுதவும் இல்ல, அனுப்பவும் இல்ல. தெனம் தாளை வச்சுக்கிட்டு உக்காந்தேன். அவரு படிப்பாரு, அந்த வாத்தியாரு படிப்பாரு, அவங்களுக்குப் புடிக்கணுமேன்னு உக்காந்தேன். ஒரு வரி வரல. அவரு எப்படிப் பேசுவாருன்னு நெனைச்சுப் பாத்தா உன் கொரல்லயே கேக்குது. சரி, கேட்டுத்தான் பாப்போமேன்னு உன்னைய அனுப்புனேன்."

தெருவில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார். சைத்தூன் பீவி மதிலுக்கு அந்தப் பக்கம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவையாச்சும் அந்தக் கடைக்கார மனுசன் என்னையக் கேட்டாராடி? ஒரே ஒரு தடவை?"

எனக்குப் பொய்க்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. கேட்ட வாய் மூடுவதற்குள் வந்து நிற்கும். அன்றைக்கு நாக்கு அப்படியே கிடந்தது.

"யோசிக்கிற பாரு" என்றாள் சாச்சி.