பூட்டக்கா

பலகையில் அக்கா ஒரு வரி எழுதுகிறார், பேனாவை மூடுகிறார். யோசிக்கிறார். மூடியைத் திறந்து அடுத்த வரி, மறுபடி மூடி. அந்த 'டக்' சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது, புதிதாக வருகிறவர்கள்தான் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். "திறந்து வச்சுக்கிட்டே யோசிக்கலாமே அக்கா" என்று யாராவது கேட்டால், "யோசிக்க மூளை திறந்திருந்தா போதும், பேனா எதுக்கு?" என்பார்.

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டக்கா என்று பெயர். வைத்தது நான்தான் என்று அவருக்குச் சந்தேகம். அவர் எழுதும் கணினி நிரலை உடைத்துச் சோதிப்பது என் வேலை, அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஆகையால் என்மேல் சந்தேகம் வருவது நியாயம்தான்.

சாதாரண நினைவகம் மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். எங்கள் கணினியில் இருப்பது மறக்காத வகை. "சாதா மெமரில யாராவது கிறுக்கினா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடும். இதுல கிறுக்கினா கிறுக்கினதுதான்" என்பார் அக்கா. கிறுக்குவது வெளியாள் இல்லை, கெர்னலேதான் என்பது அக்காவின் கவலை. கணினியின் உள்ளே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற நிரல் அது. "வீட்டு ஆளு மாதிரி. எல்லா ரூம் சாவியும் அவன்கிட்ட இருக்கு. தூக்கக் கலக்கத்துல தப்பான அலமாரியைத் திறந்துட்டான்னா?" அதனால் அந்த நினைவகம் முழுவதையும் ஒரு நிரலால் பூட்டியே வைத்திருக்கிறார். எழுத வேண்டிய நொடியில் மட்டும் திறக்கும், எழுதியதும் மூடிக்கொள்ளும். பூட்டிய இடத்தில் எவனாவது கை வைத்தால், கணினி அங்கேயே நின்றுவிடும்.

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை போயிருந்தபோது, தண்ணீர் குடித்துவிட்டு நான் பாட்டிலை வைப்பதற்குள் மூடி ஏறிவிட்டது. அவருடைய மாமியார் என் காதருகே வந்து, "என் மருமக இருக்கிற வீட்டுல காத்துகூட அனுமதி கேட்டுட்டுதான் உள்ள வரணும்" என்றார். குரலில் குறையைவிடப் பெருமைதான் அதிகம்.

சிக்கல் சென்ற மாதம் வந்தது. மருத்துவமனைகளுக்குப் போக வேண்டிய கணினி சோதனையில் இரண்டு முறை நின்றுபோனது. மேலாளர் கொதித்தார். "உங்க பூட்டு வந்ததுலேருந்துதான் மெஷின் விழுது. இன்னொரு தடவை விழுந்தா பூட்டை எடுத்துட்டுத்தான் அனுப்புவேன்."

"பூட்டை எடுத்தா விழாது சார். யாரோட மருந்துக் குறிப்பு மேலயோ கிறுக்கிட்டு ஜம்முனு ஓடும். திருடனைப் பிடிச்சுக் கொடுத்தா நாயைத் திட்டுறீங்களே!"

மூன்றாவது முறை அது நான் சோதிக்கும்போதே விழுந்தது. பூட்டு போச்சு என்று நினைத்தேன். அக்காவோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "விழுந்துச்சா? நல்லது. இந்தத் தடவை தடயம் முழுசா இருக்கு, காட்டு" என்றார். திரையை மேலும் கீழும் உருட்டினார். ஓரிடத்தில் கை நின்றது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

பிடிபட்டது ஒரு பழைய நிரல். தனக்குக் கொடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும், அதன் விலாசத்தை வைத்துக்கொண்டு அங்கே ஓர் எண்ணை எழுதப் போயிருக்கிறது. காலிசெய்த வீட்டுக்குள் போய் ஆணி அடிக்கிற மாதிரி. அந்த இடத்தில் இப்போது ஒரு நோயாளியின் மருந்தளவு இருந்தது. சோதனைக்கு வைத்த பொய் நோயாளிதான். இருந்தாலும் அந்த எண்ணை நான் இரண்டு முறை படித்தேன். நிரலை எழுதியவர், பூட்டெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்துப் பூட்டக்காவேதான்.

"சத்தமில்லாம சரிபண்ணிடலாமே அக்கா" என்றேன்.

"பண்ணிட்டா? பூட்டுதான் கோளாறுன்னு முடிவாயிடும். பூட்டைக் கழட்டிடுவாங்க. போய் சாரைக் கூப்பிடு."

மேலாளர் வந்தார், பின்னாலேயே பாதி அலுவலகமும் வந்தது. "யாரோட வேலை இது? பேரை எழுதுங்க. எழுத முடியலைன்னா பூட்டு இன்னைக்கே போகுது."

அக்கா பலகைக்குப் போனார். மூடியைத் திறந்தார். 'பூட்டக்கா' என்று பெரிதாக எழுதினார். டக். அந்தப் பெயர் அவருக்கு இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என் பூட்டு என்னையே பிடிச்சிருக்கு சார். வேற யாரை விடப்போகுது?"

மேலாளர் பலகையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேனாவுக்குக் கையை நீட்டினார். அக்கா மூடியைக் கழற்றிவிட்டுப் பேனாவை மட்டும் கொடுத்தார். அந்தப் பெயருக்குக் கீழே, 'மெஷின் பூட்டோடு போகட்டும்' என்று மேலாளர் நிதானமாக எழுதினார். எழுதி முடிக்கும்வரை அக்கா மூடியைக் கையில் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே நின்றார். கடைசிப் புள்ளி விழுந்ததும், பேனா இன்னும் மேலாளர் கையில் இருக்கும்போதே, டக்.