ஒன்பது முள்ளங்கிக்குக் காவல்

இல்லாத ஒன்பது முள்ளங்கியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான்கு நாள் காவல் இருந்திருக்கிறேன். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. முள்ளங்கி கம்ப்யூட்டருக்குள் இருந்தது. திருடனும் அங்கேதான் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அதில் திருடன் என்று ஒருவனை வைக்கவே இல்லை. இதை என் மனைவி விளக்கிச் சொன்ன பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாவது நாளும் வேலியோரம் நின்றேன்.

இதற்கு என் வேலைதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருந்தேன். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. நாளெல்லாம் குறை தேடுகிற கண் சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறி வேலூர் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? ஸ்டிக்கர் ரோல் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். புது பிரஷர் குக்கரில் ஒரு நெளிசலைக் கண்டுபிடித்து அம்பு ஒட்டியிருக்கிறேன். என் மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் என் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு டூட்டிக்குப் போனாள்.

அது இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ. ஒரு நாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கணக்கில் ஓர் அப்பர் குறைந்தது. எங்கள் லைனில் ஓர் அம்மாள், மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய துணிப்பையில் ஷூ வடிவத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அம்மாவைக் கூப்பிட்டு, "அந்தப் பைய கொஞ்சம் தொறங்கம்மா" என்றேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பையில் ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, ஒரு ஜோடி பழைய ஸ்கூல் ஷூ. மகளுடையது. முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் தைக்கக் கொடுப்பதற்காக எடுத்து வந்திருந்தார். ஒரு நாளைக்கு நூறு ஷூ கையில் புழங்கும் பெண்மணி, தன் பிள்ளையின் ஒரு ஜோடியை யார் கண்ணிலும் படாமல் தைத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்திருக்கிறார். அதை நான் முப்பது பேருக்குக் காட்டிவிட்டேன்.

"போலாமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் அந்த அப்பர் கிடைத்தது. என் மேஜைக்குப் பின்னால், என் ரிஜெக்ட் ரேக்கில், என் கையால் ஒட்டிய அம்போடு. நானேதான் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. அதை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அப்பரைக் கையில் எடுத்தேன்.

நான் வாயைத் திறக்காததால், கிடைத்த சமாச்சாரம் யாருக்கும் தெரியவில்லை. காணாமல் போனது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பையில் ஒன்றும் இல்லை என்றால் வேறு எங்கேயோ ஒளித்திருப்பார் என்று ஆயிற்று. பஸ்ஸில் அந்த அம்மாள் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது என்று பேக்கிங்கில் இருந்த என் நண்பர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், சொன்னார். "பேஜாரா இருக்குது தோஸ்த். எதிர்ல வந்தா பொம்பளைங்க பைய இப்டி இறுக்கிப் புடிச்சிக்கறாங்க" என்று செய்துகாட்டினார். நான் என் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே கன்வேயர் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பிரஷர். இரண்டு வாரம் வீட்டில் இருக்க வேண்டும், டென்ஷனே கூடாது என்றார் டாக்டர். நான் சும்மா இருந்தால்தான் டென்ஷன் ஜாஸ்தி ஆகும் என்பது என் மனைவிக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, கூட வேலை செய்கிற நர்ஸ் கொடுத்த சிடியைப் போட்டாள்.

"இன்னாது இது?"

"வெவசாயம். வெதை போடணும், தண்ணி ஊத்தணும், ஊர்க்காரங்ககிட்ட நாலு வார்த்தை பேசணும். அவ்ளோதான்."

"ஜெயிக்கறது எப்டி?"

"ஜெயிக்கறதெல்லாம் இல்ல."

"தோக்கறது?"

"அதுவும் இல்ல."

இங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தோல்வியே இல்லாத ஒன்றை ஒருத்தன் எதற்காக மெனக்கெட்டுச் செய்து விற்பான்?

ஊரின் ஓரத்தில் கல்லும் முள்ளுமாக ஒரு நிலம் என் பெயருக்கு வந்தது. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, பத்திரம் எங்கே, ஒரு விவரமும் இல்லை. சின்ன ஊர். கடைக்காரி, தச்சன், எப்போதும் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். எல்லாரும் சிரித்தார்கள். முதல் நாளே ஒருவர் வந்து விதைப் பை கொடுத்தார். எங்கள் பக்கம் முன்பின் தெரியாதவர் இப்படிச் சிரித்துக்கொண்டு வந்தால் ஒன்று இன்ஷூரன்ஸ், இல்லையென்றால் சீட்டு.

ஒன்பது முள்ளங்கி முளைத்தது. விளைந்ததை வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டுமாம். சாயங்காலம் ஒரு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவானாம்.

"கேட் பாஸ்?" என்றேன்.

"இன்னாங்க?"

"சரக்கு வெளிய போவுது இல்ல? கேட் பாஸ் வேணாமா? யார் கையெழுத்து போட்டாங்க? எங்க கம்பெனில ஒரு ஷூ லேஸ் வெளிய போவணும்னாகூட மூணு பேர் கையெழுத்து போடணும், தெரியுமா?"

"முள்ளங்கிக்கு யாருங்க கேட் பாஸ் குடுப்பாங்க?"

பெட்டியில் போட மறுத்துவிட்டேன். செடிகளைப் பறிக்காமல் விளையாட்டில் நானாக நடமாடும் பொம்மையை வேலியோரம் நிறுத்திக் காவல் காத்தது அப்போதுதான். அந்த விளையாட்டில் தூங்காமல் நின்றால் பொம்மை மயக்கம் போட்டுவிடும். நான்கு நாளும் போட்டது. ஒவ்வொரு முறையும் யாரோ தூக்கி வந்து அதன் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். யார் தூக்கியது, சாவி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். தூண்டில் கிழவர் மேல்தான் சந்தேகம். வேலைவெட்டி இல்லாதவர், எல்லாம் பார்க்கிறவர். மானிட்டரில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன், நகர்ந்தால் தெரியட்டும் என்று.

மனைவி தினமும் வீட்டிலேயே பிரஷர் பார்ப்பாள். ஐந்தாவது நாள் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றியபடி, "வெளையாடறதுக்கு முன்னாடி கம்மியா இருந்துது" என்றாள். "ஊர்ல இருக்கறவன்லாம் இத ஆடிட்டு தூங்கிப் போறான். இதுல பிரஷர ஏத்திக்கினது நீங்க ஒருத்தருதான்."

"உனக்கு இதுல அப்டி இன்னாதான் இருக்குது?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "வார்டுல ஒரு பெட்டுக்குத் தண்ணி குடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள பத்து பெட்டுல கூப்புடுவாங்க. இதுல ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினா, இன்னிக்கு முழுக்க அது வேற ஒண்ணும் கேக்காது."

 மறுநாள் விளையாட்டில் மழை பெய்தது. மழை நாளில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, நிலத்தில் வேறு வேலையும் இல்லை. குடை பிடித்துக்கொண்டு கடைக்காரி போனாள். "நல்ல மழை" என்றாள். சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தோள் கொஞ்சம் இறங்கியது எனக்கே தெரிந்தது. யாரும் என்னை எதற்கும் பொறுப்பாக்கவில்லை. உடனே, இது ஏதோ வசியம் என்று தோன்றி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை என் விளையாட்டு வீட்டு வாசலில் கடைக்காரி ஒரு கேக்கோடு நின்றாள். பிறந்தநாளா, பண்டிகையா, ஒன்றும் இல்லை. சும்மா. சும்மா என்று ஒருத்தி கேக் கொடுப்பாளா? அவள் கண்ணெதிரிலேயே அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. நான்கு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்த முகம்தான். ஆனாலும் சுருங்கியது.

"குப்பைலயா போட்டீங்க?" பின்னாலிருந்து மனைவியின் குரல். "பாவங்க அவ."

"இப்போ இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. நாளைக்கு ஒரு பூ குடுங்க, சரியாய்டுவா."

கொடுத்தேன். ஒரே ஒரு மஞ்சள் பூ. அவள் தலைக்கு மேலே ஒரு இதயம் மிதந்தது. சிரித்துக்கொண்டே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். கேக் என்ற வார்த்தையே வரவில்லை.

அதைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா? ஒரு பூவுக்கு மறந்துவிடுகிறார்களா? இந்த மாதிரி விளையாட்டில் மனுஷனுக்கு ஆறுதலாக இருப்பது செடியும் மழையும் அல்ல, அந்த மறதிதான் என்று அப்போது பட்டது. அதை உடனே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். குக்கர் நெளிசல் வரைக்கும் சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

பாய்க்குப் போன் போட்டேன். "அந்த மாதனூர் அம்மாக்கு இன்னா பாய் புடிக்கும்?"

"இன்னா தோஸ்த், மாத்திரைய மாத்திக் குடுத்துட்டாங்களா?"

லீவின் கடைசி நாள் பஸ் பிடித்து ஆற்காடு போய் மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கினேன். முள்ளங்கியைப் பெட்டியில் போடப் பயந்தவன், முப்பது பேர் முன்னால் போன மானத்தை இன்னொரு பெட்டியால் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் பக்கம் அந்த அம்மாள் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். பெட்டியை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அது என்னுடைய பார்வை. நாளெல்லாம் அப்பரை நான் பார்க்கிற பார்வை.

"இன்னா சார் இது?"

"பேடா. ஆற்காட்டுலருந்து."

"எதுக்கு?"

"சும்மாதாம்மா."

"சும்மா எதுக்கு சார் குடுப்பீங்க? கேட்ல பைய தொறந்து இது யார் குடுத்ததுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

கடைக்காரிக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை.  "அந்த அப்பரு... கெடச்சிடுச்சும்மா. என் ரேக்லயேதான் இருந்துது."

டிபன் பாக்ஸில் இருந்த தண்ணீரை உதறினார். "எப்போ?"

"அடுத்த நாளே."

 நிதானமாக டிபன் பாக்ஸை மூடினார். "கேட்டாண்ட முப்பது பேர் முன்னாடி தொறந்தீங்க. கெடச்சத மட்டும் டேங்க் பின்னாடி வந்து சொல்றீங்க. பஸ்ஸு இன்னும் கெளம்பல சார்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். நான் பேடா பெட்டியோடு பின்னாலேயே போனேன். மாதனூர் பஸ் நிறைந்திருந்தது. அவர் பக்கத்து சீட் காலி. படியில் ஒரு காலை வைத்து ஏறி நின்றேன்.  அன்று காணாமல் போன அப்பர் என் ரேக்கிலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை, மறுநாளே கிடைத்தும் யாரிடமும் சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பாதியில் குரல் உடைந்து கிரீச்சென்று போனது. பின் சீட்டில் ஒருத்தி சிரித்தாள். "ஏய், சும்மா இருடி" என்று இன்னொருத்தி அவள் தொடையில் அடித்தாள். முன் சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்து, தன் பையை எடுத்துக்கொண்டு அந்தக் காலி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"பெட்டில இன்னா சார்?" என்றது ஒரு குரல்.

"பேடா."

"அத இப்டி குடுங்க."

பெட்டி கைமாறிப் பின்னால் போனது. அந்த அம்மாள் ஒன்றுகூட எடுக்கவில்லை. அவர் தலைக்கு மேலே எதுவும் மிதக்கவில்லை. நான் மட்டும் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டே படியில் நின்றேன். டிரைவர் ஹார்ன் அடித்தார்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களுக்குப் பிரஷரும் வந்திருக்காது. எறங்குங்க சார், பஸ்ஸு போவணும்."