உப்பளத்துப் பேய்க்கு எங்கம்மா பேரு

பேய்க்கதை எழுதின ஒருத்தரோட அச்சுல வராத கதைங்களத் தேடி ஒரு வாத்தியாரு மரக்காணத்துல எங்க வூட்டுக்கு வந்தாரு. பையத் தொறந்ததும் பழைய பேப்பர் வாசனை அடிச்சுது. அந்த வாசனையில நான் திரும்ப ஏழு வயசுப் புள்ளையாயிட்டேன்.

அப்போ அந்த எழுத்தாளரு எங்க உப்பளத்துல கணக்கரு. ஒருநாள் புதுக்கதை ஒண்ண எங்களுக்குப் படிச்சுக் காட்டுனாரு. உச்சி வெயில்ல வெள்ளைக் காலோட ஒரு பேய் கூடையத் தூக்கிக்கினு வருதாம். எல்லாரும் அலறுனாங்க. நான் சிரிச்சேன்.

"ஐயா, அது பேயில்ல, எங்கம்மா! கால்ல உப்பு பூத்துக் கெடக்குது!"

வெக்கத்துல கதையக் கிழிச்சுப் போட்டுட்டாரு.

"அய்யோ, போச்சா ஆயா?"ன்னாரு வாத்தியாரு.

"பேப்பர்தான் போச்சு. எனக்குப் படிக்கவும் தெரியாது, மறக்கவும் தெரியாது. டேப்பப் போடுங்க, கதைய அப்படியே சொல்றேன். அவரு பேய்க்குப் பேரு வெக்கல, நீங்க அஞ்சலைன்னு போடுங்க. எங்கம்மாவும் பொஸ்தகத்துல வரட்டும்."